கால்பேக் வருகிறது, ஆனால் லேபிள் வேறு யூனிட்டின் கணக்கில் ஏறுகிறது (ஜாவா, சோப் கிளையன்ட்)

பின்னலாடை_ஜாவா (திருப்பூர்)
வணக்கம்ங்க. ஒரு ஏற்றுமதி கம்பெனியில் பேக்கிங் பிரிவு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், குறிப்பு எதுவும் இல்லை. பையர் தரப்பில் ஒரு சோப் சர்வீஸ் (எக்ஸ்எம்எல்லில் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கும் முறை) கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கார்ட்டனுக்கும் ஸ்டைல், நிறம், சைஸ் வாரியாகப் பீஸ், எடை எல்லாம் அனுப்பினால் லேபிள் எண் திரும்பி வரும். அந்த லேபிள் ஒட்டாமல் பெட்டி தூத்துக்குடி லாரியில் ஏறாது.

பதில் வர சில சமயம் அரை நிமிடம்கூட ஆகிறது. அதனால் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (ஜாவாவில் சோப் பேசும் லைப்ரரி) ஏசிங்க் முறையில், அதாவது பதிலுக்காக நிற்காமல், எழுதியிருக்கிறார்: ஏசிங்க்ஹேண்ட்லர் ஒன்றைக் கொடுத்துவிடுவது, பதில் வந்ததும் ஹேண்டில்ரெஸ்பான்ஸ் மெத்தட் (இதுதான் கால்பேக்) ஓடி லேபிளை டேட்டாபேஸில் எழுதுவது. ஜாவா 8, டாம்கேட் 9, ஜாவாவோடு வரும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்தான். வேறு லைப்ரரி இல்லை.

பிரச்சினை இரண்டு. சோதனைக்காக மெயின் மெத்தட் வைத்துத் தனியாக ஓட்டினால் கால்பேக் வருவதே இல்லை. எர்ரரும் இல்லாமல் ப்ரோக்ராம் முடிந்துவிடுகிறது. டாம்கேட்டில் ஓட்டினால் வருகிறது, ஆனால் எங்கள் மூன்று யூனிட்டில் சில லேபிள்கள் தப்பான யூனிட்டில் போய் உட்காருகின்றன. அவிநாசி யூனிட் போட்ட கார்ட்டனின் லேபிள் பல்லடம் ரோடு யூனிட்டின் கணக்கில் இருக்கிறது. எல்லாமே தப்பாகப் போனால் தேடிப் பிடித்துவிடலாம், சிலது மட்டும் போவதுதான் தலைவலி.

மஞ்சள்மண்டி (ஈரோடு)
முதல் பிரச்சினை சுலபம். ஜாவாவோடு வரும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் நீங்கள் எக்ஸிக்யூட்டர் (வேலைகளை த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) எதுவும் கொடுக்காவிட்டால், அது தானாக ஒரு த்ரெட் பூல் (ப்ரோக்ராமுக்குள் தனித்தனியாக வேலை ஓட்டும் த்ரெட்களின் கூட்டம்) வைத்துக்கொள்ளும். அதிலிருக்கும் த்ரெட்கள் எல்லாம் டீமன் த்ரெட்கள். மெயின் முடிந்ததும் ஜேவிஎம் அவற்றுக்காகக் காத்திருக்காது, மூட்டை கட்டிவிடும்.

மெயினின் கடைசியில் ஒரு கவுன்ட்டவுன்லேட்ச் (எண்ணிக்கை பூஜ்யம் ஆகும் வரை நிறுத்தி வைப்பது) போட்டு, ஹேண்ட்லருக்குள் ஃபைனலி பிளாக்கில் அதைக் குறையுங்க. இல்லையென்றால் திரும்பக் கிடைக்கும் ஃப்யூச்சரில் (பிறகு வரப்போகும் பதிலுக்கான சீட்டு மாதிரி) கெட் கூப்பிட்டால் போதும். த்ரெட்.ஸ்லீப் மட்டும் போடாதீங்க. உங்க சிஸ்டத்தில் ஓடும், நெட் மெதுவான இடத்தில் ஓடாது.

கரூர்_தறி
இரண்டாவதற்கு ஃபயர்வாலைப் பாருங்க. கால்பேக் என்றால் பையரின் சர்வர் நம் சர்வரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். ஸ்டாட்டிக் ஐபி இருக்கிறதா? ரவுட்டரில் போர்ட் திறந்திருக்கிறதா? மூன்று யூனிட்டும் ஒரே ஐபியில் இருந்தால் குழப்பம் வரத்தான் செய்யும்.

பழைய_சோப்பு (கோவை)
கரூர் அண்ணா சொல்வது வேறு விஷயம். இதில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஏசிங்க் என்பது முழுக்க முழுக்க நம் பக்கத்து ஏற்பாடு. வயரில் போவது சாதாரண எச்டிடிபி போஸ்ட்தான். அதே கனெக்‌ஷனில்தான் பதிலும் வரும். நாம் கால்பேக் வைத்திருப்பது பையரின் சர்வருக்குத் தெரியவே தெரியாது. சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பும்போது நம் பையன் ஒருவனையும் கூடவே அனுப்பி, "முடிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்து வாங்கி வா" என்று சொல்வது மாதிரி. பட்டறைக்காரர் நமக்கு ஃபோன் செய்வதில்லை. நாம் ஆஃபீஸில் வேறு வேலை பார்க்கிறோம், பையன் அங்கே காத்திருக்கிறான், அவ்வளவுதான்.

பட்டறைக்காரரே ஃபோன் செய்வது டபிள்யூஎஸ்-அட்ரஸிங். அதில் சோப் ஹெடரில் ரிப்ளைடூ என்று நம் முகவரியை எழுதி அனுப்ப வேண்டும். அவர்கள் உடனே 202 மட்டும் சொல்லி கனெக்‌ஷனை மூடிவிடுவார்கள். உண்மையான பதில் பிறகு தனி ரிக்வெஸ்ட்டாக நம் சர்வருக்கு வரும், எந்தக் கேள்விக்கான பதில் என்பதை ரிலேட்ஸ்டூ ஹெடர் சொல்லும். அங்கேதான் ஃபயர்வால், ஸ்டாட்டிக் ஐபி, போர்ட் எல்லாம்.

உங்களுடையது எது என்று பார்க்க டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலில் (சர்வீஸில் என்னென்ன மெத்தட் உண்டு என்று சொல்லும் விவரக் குறிப்பு) அட்ரஸிங் என்று தேடுங்க. இன்னும் உறுதியாகத் தெரிய, எச்டிடிபிட்ரான்ஸ்போர்ட்பைப் கிளாஸின் டம்ப் சிஸ்டம் ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்கினால் போகிற வருகிற எக்ஸ்எம்எல் முழுக்கக் கன்சோலில் கொட்டும். ஒன்று கவனம்: ஜாவாவோடு வருவதற்கு அந்தக் கிளாஸ் பெயரின் நடுவில் "இன்டர்னல்" என்ற துண்டு இருக்கும். வெளியிலிருந்து மெட்ரோ (அதே ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், தனி லைப்ரரியாக) ஜார் போட்டவர்களுக்கு இருக்காது. நெட்டில் பார்த்து அப்படியே ஒட்டிவிட்டு "லாக் வரவில்லை" என்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பின்னலாடை_ஜாவா (திருப்பூர்)
லேட்ச் போட்டதும் மெயின் சரியாகிவிட்டது, நன்றிங்க மஞ்சள்மண்டி. டம்ப்பும் பார்த்தேன். ரிப்ளைடூ எதுவும் இல்லை, ஒரே கனெக்‌ஷனில்தான் பதில் வருகிறது. பதில் எக்ஸ்எம்எல்லில் கார்ட்டன் எண், லேபிள் எண் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. டேட்டாபேஸில் எழுதும்போதுதான் யூனிட் மாறுகிறது.

இன்னொரு விசித்திரம். பேக்கிங் செக்‌ஷன் ஆட்கள் சொல்கிறார்கள்: "டீ குடித்துவிட்டு வந்து போட்டால் சரியாகப் போகிறது, தொடர்ந்து போட்டால்தான் மாறுகிறது." முதலில் சிரித்தேன். லாகைப் பார்த்தால் அவர்கள் சொல்வது உண்மைதான். இடைவெளி விட்டு வரும் முதல் கார்ட்டன் எப்போதும் சரி. நான் இரவில் தனியாக உட்கார்ந்து சோதித்தால் ஒன்றுகூடத் தப்பாகப் போவதில்லை.

பொள்ளாச்சி_புதியவன்
எங்களுக்கும் இப்படித்தான் தரவு மாறி வந்தது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் சர்வீஸையும் போர்ட்டையும் (ரவுட்டர் போர்ட் இல்லை, சர்வீஸைக் கூப்பிட வைத்திருக்கும் ஜாவா ஆப்ஜெக்ட்) புதிதாக உருவாக்கச் சொன்னார்கள். செய்ததும் நின்றுவிட்டது. அதைச் செய்து பாருங்கண்ணா.

நொய்யல்காரன் (கோவை)
புதிதாக உருவாக்கினால் நிற்கும், ஏன் நிற்கிறது என்பதுதான் முக்கியம். அதற்கு முன் திருப்பூர்க்காரரிடம் இரண்டு கேள்வி.

போர்ட் ப்ராக்ஸி ஸ்டாட்டிக் வேரியபிளில் இருக்கிறதா? யூனிட் கோடு ஹேண்ட்லருக்கு எங்கிருந்து கிடைக்கிறது? ஆர்க்யுமென்ட்டாக வருகிறதா, இல்லை எங்கோ த்ரெட்லோக்கல் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி மதிப்பு வைக்கும் இடம்) மாதிரி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறதா?

டீ விஷயத்தைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம். அந்த டீ குறைந்தது ஒரு நிமிடம் ஆகும்தானே.

பின்னலாடை_ஜாவா (திருப்பூர்)
ப்ராக்ஸி ஸ்டாட்டிக்தான். லாகின் செய்தவரின் யூனிட் கோடை ஒரு ஃபில்டர் எடுத்து இன்ஹெரிட்டபிள்த்ரெட்லோக்கலில் வைக்கிறது. ஹேண்ட்லருக்குள் அதிலிருந்து கெட் செய்துதான் டேட்டாபேஸில் எழுதுகிறார். ஒரு நிமிடம் என்று எப்படிச் சொன்னீங்க?

நொய்யல்காரன் (கோவை)
சரி, முடிச்சு இங்கேதான்.

நீங்கள் எக்ஸிக்யூட்டர் கொடுக்காததால் ஓடுவது கேஷ்டு த்ரெட் பூல். அதன் குணம்: வேலை வந்தால், சும்மா இருக்கும் த்ரெட் ஏதாவது உண்டா என்று பார்க்கும், இருந்தால் அதனிடம் கொடுக்கும், இல்லாவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கும். ஒரு த்ரெட் 60 விநாடி சும்மா இருந்தால் அதை விட்டுவிடும்.

இன்ஹெரிட்டபிள்த்ரெட்லோக்கல் தன் மதிப்பைக் குழந்தை த்ரெட்டுக்குக் கொடுப்பது அந்த த்ரெட் பிறக்கும்போது மட்டும்தான். அதற்குப் பிறகு அந்த த்ரெட்டுக்கு யார் வேலை கொடுத்தாலும் உள்ளே இருப்பது பழைய மதிப்பே.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்க. டீ இடைவேளையில் பூல் காலியாகிவிடுகிறது. முதலில் வந்து உட்காருவது அவிநாசி யூனிட் ஆள் என்று வைத்துக்கொள்வோம். புது த்ரெட் பிறக்கிறது, அவிநாசி கோடோடு. பதில் வருகிறது, சரியாக எழுதுகிறது. பத்து விநாடி கழித்து பல்லடம் ரோடு ஆள் கார்ட்டன் போடுகிறார். பூலில் அந்த த்ரெட் சும்மா இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறது. ஹேண்ட்லர் கெட் கூப்பிட்டால் வருவது அவிநாசி கோடு. இரவில் நீங்கள் ஒருவரே ஒரே லாகினில் சோதிக்கும்போது எல்லா த்ரெட்டிலும் ஒரே கோடு, அதனால் எல்லாம் சரி. வேலை நெருக்கத்தில்தான் தெரியும்.

எனக்குத் தோன்றுவது, இது முதலில் சாதாரண த்ரெட்லோக்கலாக இருந்திருக்கும். ஹேண்ட்லர் வேறு த்ரெட்டில் ஓடுவதால் நல் (வெற்று மதிப்பு) வந்திருக்கும். யாரோ இன்ஹெரிட்டபிள் என்று மாற்றியதும் ஓடியிருக்கும். நல் வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். தப்பான மதிப்பு வருவதைவிட மதிப்பே வராமல் விழுவது எவ்வளவோ மேல்.

பொள்ளாச்சித் தம்பிக்கு: போர்ட்டைப் புதிதாக உருவாக்கும்போது அதற்கென்று தனிப் பூலும் வந்துவிடுகிறது. எப்போதும் புது த்ரெட், அதனால் எப்போதும் சரியான மதிப்பு. நோய் போகவில்லை, தெரியாமல் ஒளிந்திருக்கிறது. கூடவே ஒவ்வொரு தடவையும் டபிள்யூஎஸ்டிஎல்லைப் படித்துப் பார்ஸ் செய்கிற செலவு வேறு.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஏசிங்க் கூப்பிடுவதற்கு முன், ரிக்வெஸ்ட் த்ரெட்டில் இருக்கும்போதே யூனிட் கோடை ஒரு ஃபைனல் வேரியபிளில் எடுத்து, ஹேண்ட்லரின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுங்க. ஹேண்ட்லருக்குள் த்ரெட்லோக்கல் என்ற பேச்சே இருக்கக் கூடாது. பிறகு இன்ஹெரிட்டபிளைச் சாதாரண த்ரெட்லோக்கலாகத் திருப்பி, ஃபில்டரின் ஃபைனலியில் ரிமூவ் போடுங்க. டாம்கேட்டின் த்ரெட்களும் பூல்தான், அங்கேயும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)
நம்முடைய சொந்த த்ரெட் பூலை செட்எக்ஸிக்யூட்டர் வழியாகக் கொடுத்தால் இது தீராதா? எப்படியும் கொடுக்கத்தான் வேண்டும்.

நொய்யல்காரன் (கோவை)
கொடுக்க வேண்டும், ஆனால் இதற்கு அது மருந்தில்லை. இன்னும் மோசமாகும். ஃபிக்ஸ்டு பூலில் த்ரெட்கள் சாவதே இல்லை, முதல் நாள் பிறந்தபோது இருந்த யூனிட் கோடோடு டாம்கேட் ரீஸ்டார்ட் ஆகும் வரை உட்கார்ந்திருக்கும். டீ குடித்தாலும் சரியாகாது.

கொடுக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. கேஷ்டு பூலுக்கு உச்சவரம்பு இல்லை. ஷிப்மென்ட் நாளில் ஐந்நூறு கார்ட்டனை ஒரே கிளிக்கில் அனுப்பினால் ஐந்நூறு த்ரெட் பிறக்கும், ஒவ்வொன்றும் பதில் வரும் வரை ஒரு கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பையரின் சர்வர் திட்ட ஆரம்பிக்கும். த்ரெட்பூல்எக்ஸிக்யூட்டரில் எட்டு த்ரெட், அளவுள்ள ஒரு அரேபிளாக்கிங்க்யூ, நிரம்பினால் காலர்ரன்ஸ் பாலிசி (வேலை கொடுத்த த்ரெட்டே அதைச் செய்ய வேண்டும்). நிரம்பும்போது அனுப்புகிறவரின் ரிக்வெஸ்ட்டே மெதுவாகும், அது நல்ல பிரேக். த்ரெட்களுக்கு "லேபிள்-1" மாதிரிப் பெயர் வையுங்க, த்ரெட் டம்ப் எடுக்கும் நாளில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். போர்ட் எடுப்பதற்கு முன்பே செட்எக்ஸிக்யூட்டர் செய்துவிடுங்க. டாம்கேட் நிற்கும்போது கான்டெக்ஸ்ட்டெஸ்ட்ராய்டில் ஷட்டவுன் கூப்பிட மறக்காதீங்க.

காங்கயத்துக்காரி
நல்ல இழை. நொய்யல் அண்ணா சொன்னதோடு இன்னொன்று. ஹேண்டில்ரெஸ்பான்ஸுக்குள் எக்ஸெப்ஷன் எழுந்தால் எங்கே போகும் என்று யோசித்தீங்களா? நீங்கள் பிடிக்காவிட்டால் அது ஃப்யூச்சருக்குள் போய் அடங்கிவிடும். அந்த ஃப்யூச்சரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. லாகில் ஒரு வரி இருக்காது. "கால்பேக் வரவில்லை" என்று இங்கே வரும் புகார்களில் பாதி, கால்பேக் வந்து, உள்ளே நல்பாயின்ட்டரில் விழுந்து, சத்தமில்லாமல் செத்துப்போனவைதான்.

அதனால் ஹேண்ட்லரின் முதல் வரியில் லாக், முழு உடலுக்கும் ட்ரை, கேட்ச்சில் த்ரோவபிள், அங்கேயும் லாக். சர்வர் சோப் ஃபால்ட் (பிழைப் பதில்) அனுப்பினாலும் நேராக வராது; ரெஸ்பான்ஸில் கெட் கூப்பிடும்போது எக்ஸிக்யூஷன்எக்ஸெப்ஷனாகச் சுற்றிக்கொண்டு வரும், கெட்காஸ் போட்டு உள்ளே பார்க்க வேண்டும்.

ஹேண்ட்லருக்குள் எச்டிடிபிசர்வ்லெட்ரிக்வெஸ்ட்டைத் தொடாதீங்க. அதற்குள் டாம்கேட் அந்த ஆப்ஜெக்ட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்திருக்கும். இதிலும் உங்க யூனிட் கதை மாதிரியே ஆகும்.

டைம்அவுட் வைத்திருக்கீங்களா? ஜாவாவோடு வருவதற்கு இயல்பாக டைம்அவுட் கிடையாது, பதில் வராவிட்டால் அந்த த்ரெட் நின்றுகொண்டே இருக்கும். நாங்கள் பயன்படுத்துவது சிஎக்ஸ்எஃப், இன்னொரு சோப் லைப்ரரி. அதில் கனெக்‌ஷனுக்கு 30 விநாடி, பதிலுக்கு 60 விநாடி என்று இயல்பாகவே இருக்கிறது. ஒரே ப்ரோக்ராமை அங்கிருந்து இங்கே மாற்றுகிறவர்கள் குழம்புவது இதனால்தான். உங்களுக்கு ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட்டில் ரிக்வெஸ்ட் டைம்அவுட், கனெக்ட் டைம்அவுட் ப்ராப்பர்ட்டிகள் உண்டு, மில்லி விநாடியில். அதிலும் அந்த "இன்டர்னல்" தொல்லை இருக்கிறது. ப்ராக்ஸி ஸ்டாட்டிக் என்பதால் ஆரம்பத்தில் ஒரே தடவை வைத்துவிடுங்க. ஒவ்வொரு கூப்பிடுதலிலும் கான்டெக்ஸ்ட்டை மாற்றினால் ஒருவர் வைத்ததை இன்னொருவர் அழிப்பார், த்ரெட்சேஃப் இல்லை.

பொள்ளாச்சி_புதியவன்
நான் போர்ட்டை ஸ்டாட்டிக் ஆக்கி, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சிங்கிள் த்ரெட் எக்ஸிக்யூட்டர் கொடுத்தேன். இப்போது முதல் கால்பேக்கிலேயே தொங்கிவிடுகிறது. கால்பேக்குக்குள் இன்னொரு ஏசிங்க் கால் போட்டு அதன் கெட்டுக்காகக் காத்திருக்கிறேன். டைம்அவுட்கூட வரவில்லை.

காங்கயத்துக்காரி
இருக்கும் ஒரே த்ரெட்டில் கால்பேக் ஓடுகிறது. இரண்டாவது கால் ஓடவும் அதே த்ரெட் வேண்டும். அது கெட்டில் நின்றுகொண்டிருக்கிறது. ரிக்வெஸ்ட் வெளியே போகவே இல்லை, அப்புறம் டைம்அவுட் எப்படி வரும்? ஜேஸ்டாக் (எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி) எடுத்துப் பாருங்க தம்பி, ஃப்யூச்சரில் காத்திருக்கும் த்ரெட் தெரியும். பூலைப் பெரிதாக்கினால் தீர்ந்த மாதிரி இருக்கும், நெரிசல் வந்தால் எட்டு த்ரெட்டும் இப்படியே நிற்கும். கால்பேக்குக்குள் காத்திருக்காதீங்க, இரண்டாவது காலுக்கும் ஒரு ஹேண்ட்லர் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்க.

பின்னலாடை_ஜாவா (திருப்பூர்)
யூனிட் கோடை ஹேண்ட்லருக்குக் கொடுத்து, சொந்தப் பூல் வைத்து, டைம்அவுட் போட்டு ஓட்டியாயிற்று. மூன்று யூனிட்டிலும் வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன், ஒன்றுகூட மாறவில்லை. நொய்யல் அண்ணாவுக்குப் பெரிய நன்றி. பேக்கிங் ஆட்களிடம் டீ காரணத்தைச் சொன்னேன், "அப்ப இனிமே டீ இல்லையா சார்" என்கிறார்கள்.

ஆனால் பையரிடமிருந்து மெயில்: சில கார்ட்டன்களுக்கு இரண்டு லேபிள் எடுத்திருக்கிறீர்கள் என்று. எங்கள் லாகில் அந்தக் கார்ட்டன்கள் ஒரு தடவைதான் போயிருக்கின்றன. ஹேண்ட்லரும் ஒரு தடவைதான் ஓடியிருக்கிறது. டம்ப்பிலும் ஒன்றே. அவர்கள் பக்கத்துத் தப்பு என்று பதில் எழுதிவிடலாமா?

பழைய_சோப்பு (கோவை)
பொறுங்க, எழுதாதீங்க. இது அடியில் இருக்கும் எச்டிடிபியுஆர்எல்கனெக்‌ஷனின் வேலையாக இருக்கலாம்.

அது கனெக்‌ஷனை மூடாமல் வைத்திருந்து அடுத்த ரிக்வெஸ்ட்டுக்குப் பயன்படுத்தும். அந்தச் சமயத்தில் எதிர்ப்பக்கமோ நடுவிலிருக்கும் ரவுட்டரோ கனெக்‌ஷனை வெட்டிவிட்டால், பதில் வராமல் போனதும் அது யாரையும் கேட்காமல் போஸ்ட்டை இன்னொரு தடவை அனுப்பும். முதல் போஸ்ட் அவர்களிடம் போய்ச் சேர்ந்து லேபிள் போட்டிருந்தால், இரண்டாவதுக்கும் ஒரு லேபிள். டம்ப் இதற்கு மேல் தட்டில் நடக்கிறது, அதனால் அதில் ஒன்றுதான் தெரியும். டிசிபிடம்ப் (வயரில் போவதை அப்படியே பிடிக்கும் கருவி) எடுத்தால்தான் இரண்டும் தெரியும்.

ஜாவாவில் சன்.நெட்.எச்டிடிபி.ரீட்ரைபோஸ்ட் என்று ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டி இருக்கிறது, இயல்பாக ட்ரூ. டாம்கேட் ஸ்டார்ட்டில் அதை ஃபால்ஸ் ஆக்குங்க. அதற்குப் பிறகு அப்படி வெட்டு விழுந்தால் ஹேண்ட்லருக்கு எக்ஸெப்ஷன் வரும். அதைப் பிடித்து உடனே மறுபடி அனுப்பினால் பழைய கதைதான். டைம்அவுட் ஆனாலும் அப்படியே, ஃப்யூச்சரை கேன்சல் செய்தாலும் அப்படியே: நாம் காத்திருப்பதை விட்டுவிட்டோம், அங்கே வேலை நடந்திருக்கலாம். அவர்கள் சர்வீஸில் கார்ட்டன் எண்ணைக் கொடுத்து லேபிள் இருக்கிறதா என்று கேட்கும் மெத்தட் ஏதாவது உண்டா? இருந்தால் முதலில் அதைக் கேட்டுவிட்டு, இல்லை என்றால் மட்டும் அனுப்புங்க.

பின்னலாடை_ஜாவா (திருப்பூர்)
இருக்கிறதுங்க, லேபிள் நிலவரம் கேட்க ஒரு மெத்தட் டபிள்யூஎஸ்டிஎல்லில் இருக்கிறது, இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. டிசிபிடம்ப்பில் ஒரு கார்ட்டனுக்கு இரண்டு போஸ்ட் போனதைப் பார்த்துவிட்டேன். ப்ராப்பர்ட்டியை மாற்றி, எக்ஸெப்ஷன் வந்தால் முதலில் நிலவரம் கேட்கும்படி வைத்திருக்கிறேன். பையருக்கும் இரட்டை லேபிள்களை ரத்து செய்யச் சொல்லி எழுதியாயிற்று.

கரூர்_தறி
இதையே ஜாவா 17க்குக் கொண்டுபோக நினைக்கிறேன். எங்களுடையதும் இதே அமைப்புதான். கம்பைல் ஆகவே மாட்டேன் என்கிறது.

பழைய_சோப்பு (கோவை)
ஆகாதுங்கண்ணா. ஜாவா 11இலேயே, 2018இல், ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸை ஜேடிகேயிலிருந்து எடுத்துவிட்டார்கள். டபிள்யூஎஸ்டிஎல்லிலிருந்து ஜாவா கிளாஸ்களை உருவாக்கும் டபிள்யூஎஸ்இம்போர்ட் கருவியும் சேர்ந்து போய்விட்டது. மெட்ரோ அல்லது சிஎக்ஸ்எஃப் ஜார்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். டாம்கேட் 9இலேயே இருப்பதென்றால் ஜாவாக்ஸ் என்ற பழைய பேக்கேஜ் பெயரில் வரும் 2.3 வரிசை. டாம்கேட் 10க்குப் போனால் ஜகார்த்தா பெயருக்கு எல்லாமே மாறும்.

மெட்ரோ என்றால் ப்ராப்பர்ட்டிப் பெயர்களிலிருந்து "இன்டர்னல்" துண்டை எடுத்துவிடுங்க, இல்லையென்றால் டைம்அவுட் வைத்தும் வைக்காத கணக்குதான். ஜகார்த்தாவுக்குப் போனால் பைண்டிங் ஃபைலின் நேம்ஸ்பேஸையும் மாற்ற வேண்டும். ஏசிங்க் மெத்தட்களை உருவாக்கச் சொல்லும் எனேபிள்ஏசிங்க்மேப்பிங் அங்கேதான் இருக்கிறது. அது எடுபடாவிட்டால் சாதாரண மெத்தட்கள் மட்டும் உருவாகி, ஏசிங்க் மெத்தட்களைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பீங்க.

கரூர்_தறி
அந்த ஏசிங்க் மெத்தட்களைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். நேம்ஸ்பேஸ் மாற்றிப் பார்க்கிறேன்.